எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வு

ஏப்ரல் 6, ஞாயிறு, பாளையங்கோட்டை

எட்டரைக்கு ஆராதனை. அதற்கு முன்னால் பாடகர் குழுப் பயிற்சி, அதற்கும் முன்னால் ஓய்வுநாள் பாடசாலை. ஆராதனை முடிந்ததும் சேகரக் கமிட்டி. அசனப் பண்டிகைக்கு வாங்கிய அரிசியின் விலை பற்றி ஒரு மணி நேர வாதம். மூன்று மணிக்குச் சாப்பாடு, ஐந்துக்குக் குருத்தோலைப் பாட்டு ஒத்திகை. வங்கியில் மார்ச் கணக்கு முடித்த இரவுகூட இவ்வளவு அலுக்கவில்லை. கிறிஸ்தவனுக்கு வாரத்திலேயே அதிக வேலை ஞாயிற்றுக்கிழமைதான் என்பார் அத்தான். அது கேலி இல்லை. நாளை முதல் விடுப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய், தண்ணீர்ப்பள்ளி

குளித்தலை வந்து, அங்கிருந்து சாந்திவனம். காவிரி பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. ஜூல் மோன்ஷனன் என்ற பிரெஞ்சுக் குருவும் ஹென்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவியும் 1950இல் தொடங்கிய ஆசிரமம். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்ற பிறகு உலகெங்கும் பெயர் பரவியது. அவர் கல்லறையும் இங்கேதான்; 1993இல் காலமானார்.

காவி, ஆரத்தி, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. மாலை ஜெபத்தில் விபூதி நீட்டினார்கள். சி.எஸ்.ஐ.யில் வளர்ந்த எனக்குக் கை வரவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமமாம். சந்தனம் என்றால் யோசிக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

விடியலிலும் அந்தியிலும் மௌன தியானம். வெளியேதான் மௌனம், எனக்குள்ளே சந்தை: நிலுவையில் உள்ள கடன் கோப்பு, மூத்தவளின் டியூஷன், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ்.

மத்தியானம் சற்றே தலை சாய்த்தேன், மணியடித்தபோதுதான் விழித்தேன். ஜெபிக்க வந்த இடத்தில் இப்படியா என்று கூச்சமாக இருந்தது. பிறகு 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து வாசித்தேன். கர்மேலில் ஜெயித்த எலியா, யேசபேலுக்குப் பயந்து ஓடி, செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். வந்த தூதன் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. இன்னொரு தரம் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகே ஓரேபுக்குப் பயணம். இங்கே என்ன செய்கிறாய் என்று தேவன் விசாரிப்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. நம் கன்வென்ஷன் பிரசங்கியாராக இருந்தால், அடை வேகுமுன்பே எலியாவை உபவாச ஜெபத்துக்கு அழைத்திருப்பார்.

ஏப்ரல் 10, வியாழன்

சந்தனம் வைத்துக்கொண்டேன். மற்றபடி எழுத ஒன்றுமில்லாத நாள், அதுவே நன்றாக இருக்கிறது.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் 20 சொல்லும் காரணம் படைப்பு. ஏழாம் நாளில் தேவன் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5 சொல்வது வேறு: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், மறக்காதே. ஆகவே வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, ஊரில் தங்கும் அந்நியன் எல்லோருக்கும் அன்று ஓய்வு. அடிமைக்கு விடுமுறை ஏது? விடுபட்டவன்தான் ஓய முடியும், பிறரையும் ஓயவிட முடியும். ஓய்வைத் தனி மனிதனின் மன அமைதியாகச் சுருக்கிப் பேசுகிற பிரசங்கங்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகின்றன.

எங்கள் ஞாயிறு பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வரும் அக்காவின் நினைவு வந்தது. கோயில்குட்டி அண்ணனின் நினைவும். விடியுமுன் கதவைத் திறப்பவர், கடைசிக் கூட்டம் கலையும்வரை சாவியோடு வாசலில் நிற்கிறார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு, பாளையங்கோட்டை

பவனி நன்றாக நடந்தது. ஒத்திகை வீண்போகவில்லை. மத்தியானம் வீட்டில் தயிர்சாதமும் நார்த்தங்காயும். அக்காவை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லி, சம்பளத்தில் பிடிப்பதில்லை என்றும் சொல்லியாயிற்று. பிள்ளைகளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

ஐயரிடம் மனு கொடுத்திருக்கிறேன்: கமிட்டிக் கூட்டங்களைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்ற வேண்டும், ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கோயிலைப் பூட்டிச் சாவிக்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஈஸ்டர் கழிந்து பேசலாம் என்றார்.