இயந்திரத்தின் மூச்சும் மீஸானும்



தென்மேற்குப் பருவக்காற்று வீசிக் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், தென்காசியிலிருந்து அருவிகளை நோக்கிச் செல்லும் சாலைகளில் இளைஞர்களின் பைக்குகள் பெருகிவிடுகின்றன. அவற்றுள் சில நெடுந்தொலைவிலிருந்தே உறுமிக்கொண்டு வருகின்றன. "வண்டியை இப்படி மாற்றுவது ஹராமா, ஹஜ்ரத்?" என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். "இதில் என்ன தவறு?" என்று பிள்ளைகள் வினவுகின்றனர். ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது கல்விக்கு அழகன்று. நாம் நேரில் கண்ட ஒரு குடும்பத்தின் செய்தியைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

நம் மதரஸாவில் ஓதிய சகோதரர் இருவர். மூத்தவர் துபாயில், பாலைவனச் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடப்படும் குவாட் பைக்குகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பணிபுரிகிறார். பருத்த நான்கு சக்கரங்களுடன் மணல்மேடுகளில் ஏறி இறங்கும் வண்டி அது. இளையவர் தென்காசியில் கல்லூரி மாணவர். கல்லூரிக் கட்டணத்திற்காக அண்ணன் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, தம் பழைய பைக்கின் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவிலான திறந்த ஏர் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினார், சைலன்சரையும் மாற்றினார். செய்தி அறிந்த வாப்பா, வண்டியை விற்றுவிடுவதாகக் கூறினார். விற்றால் கல்லூரிக்குப் போவதில்லை என்றார் மகன். பதினைந்து நாள்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உம்மா இருவருக்கும் தனித்தனியே சோறு பரிமாறினார். மூத்தவர் விடுமுறையில் வந்ததும், நம்மையும் வீட்டுக்கு அழைத்தனர்.

மூத்தவர் தம்பியைக் கடிந்துகொள்ளவில்லை. வண்டியை முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே பேசினார். இயந்திரமும் மூச்சு விடுகிறது. 1 கிராம் பெட்ரோல் முறையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் முழுமையாக எரியாமல் புகையும் கரியுமாகிறது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அது நீடித்தால் பிஸ்டனே பழுதாகலாம். குவாட் பைக் பந்தயங்களில் காற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து காற்றோட்டத்தைக் கூட்டுவது உண்டு. ஆனால் அதைச் செய்பவர், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையாகிய ஜெட்டையும் அதற்கேற்பப் பெரிதாக மாற்றுகிறார். தம்பி காற்றை மட்டும் கூட்டியிருந்தார். கழற்றிக் காட்டிய ஸ்பார்க் பிளக்கின் முனை, இளம்பழுப்பாக இருக்க வேண்டியது, வெளிறிக் கிடந்தது.

"வேகம் கூடியிருக்கிறதே, அண்ணே?" என்றார் தம்பி.

"சத்தம்தான் கூடியிருக்கிறது. காதுக்கு அது வேகமாகத் தெரிகிறது," என்றார் அண்ணன். திறந்த ஃபில்டர் இயந்திரத்தின் அருகிலேயே இருப்பதால் சூடான காற்றை இழுக்கிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. ஆகவே எதிர்பார்த்த பயனும் அதில் குறைந்துவிடுகிறது.

பின்னர் அவர் கூறியதே நம் சிந்தையைத் தொட்டது. பாலைவனத்தில் எண்ணெய் தோய்த்த நுரை ஃபில்டரைத் துப்புரவு செய்யாமல் ஒரு வண்டியும் புறப்படுவதில்லையாம். நுண்மணல் உள்ளே புகுந்தால் அது உப்புத்தாளைப்போல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். இங்கே மணலின் இடத்தில் சாரல் இருக்கிறது. ஐந்தருவிச் சாலையிலும் பழைய குற்றாலம் செல்லும் வழியிலும் காற்றோடு நீர்த்துளி கலந்தே வருகிறது. திறந்த ஃபில்டர் நனைந்தால் இயந்திரம் திணறும். தேங்கிய நீரில் வண்டி இறங்கி, நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், காற்றைப்போல் நீரை அழுத்த இயலாது. இயந்திரத்தின் தண்டே வளைந்துவிடும். நாம் வெறும் கறுப்புப் பெட்டி என்று எண்ணுவது, நீரையும் தூசியையும் தடுத்து, குளிர்ந்த காற்றை அளவோடு அனுப்பி, ஒலியையும் அடக்கும் காவலன்.

அந்த முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, ஸூரத்துர் ரஹ்மானில் வானத்தின் உயர்வைக் கூறும் இடத்திலேயே அல்லாஹ் மீஸானையும் கூறி, அதில் வரம்பு மீறலாகாது என எச்சரிப்பது நம் நினைவுக்கு வந்தது. மீஸான் என்பது கடைத்தராசு மட்டுமன்று. படைப்பு முழுவதிலும் அமைந்த அளவு. காற்று நிஃமத், பெட்ரோலும் நிஃமத். அளவு தவறும்போது நிஃமத்தே சேதமாகிறது.

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் அடங்கியுள்ளது. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வகுத்த அடிப்படை. நள்ளிரவில் உறுமும் வண்டி, தொட்டில் குழந்தையையும் நோயாளியையும் எழுப்புகிறது. நாட்டின் சட்டமும் இதனைக் கண்டிக்கிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒலி, புகை வரம்புகளை மீறி ஓட்டுவதற்கு 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு.

எனினும் வாப்பாவிடமும் நாம் ஒன்று கூறினோம். இயந்திரத்தின்மீது பிள்ளை கொண்ட ஆசை பாவமன்று. நீர் இறைக்கும் பொறிகளையும் கடிகாரங்களையும் அமைத்த அல்ஜஸரி, தம் பொறியியல் நூலை 1206-இல் நிறைவு செய்த முஸ்லிம் அறிஞர். மகனுக்கு அறிவுரை கூறிய லுக்மான் அலைஹிஸ்ஸலாம் அவர்கள், குரலைத் தாழ்த்துமாறு கற்பித்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. அந்த உபதேசம், மகனைக் கனிவோடு விளிக்கும் சொல்லுடனேயே தொடங்குகிறது. உபதேசிக்கும் நம் குரலும் தாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா?

வாப்பா நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பழைய பெட்டி எங்கே இருக்கிறது?" என்று மகனிடம் கேட்டார். பதினைந்து நாள்களுக்குப் பின் அவர் மகனிடம் பேசிய முதல் சொல் அது. அன்று மாலையே பெட்டியும் பழைய சைலன்சரும் ஏறின. கட்டணத்திலிருந்து எடுத்த பணத்தை, விடுமுறை நாள்களில் பட்டறையில் வேலை செய்து திருப்பித் தருவதாக இளையவர் ஏற்றுக்கொண்டார். அண்ணன் வேண்டாம் என்றார். அமானிதம் என்பதால் வாங்கிக்கொள்ளுமாறு நாம் வற்புறுத்தினோம்.

வண்டி நன்றாக மூச்சு விட வேண்டும் என விரும்பும் பிள்ளைகளுக்கு ஆகுமான வழி இருக்கிறது. அடைபட்ட ஏர் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். நுரை ஃபில்டராயின் கழுவி, உலர்த்தி, அதற்குரிய எண்ணெய் இடுங்கள். பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, கீழேயுள்ள வடிகுழாயில் நீர் தேங்கியிருக்கிறதா எனச் சாரல் காலத்தில் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெட்ரோலின் அளவைக் கணினி திருத்துகிறது என்பது மெய். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெற்றோர்களே, விலக்குவதற்கு முன் ஒருமுறை அப்பிள்ளையுடன் அமர்ந்து அவன் வண்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பயணத்தின் தீங்குகளிலிருந்து காத்து, எல்லாவற்றிலும் அளவைப் பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.