நோவும் நடுப்படியும்

மதுரங்குளித் தென்னந்தோட்டங்களிலே நோவைப் பொறுத்தல் தொழிலின் ஒரு கூறாகவே கொள்ளப்படுகிறது. மரத்திலிருந்து விழுந்து கையெலும்பு முறிந்தவரும் முதலில் 'தாங்குவேன்' என்றே கூறுவார்; தாங்காதபோதுதான் கடையிற் பனடோல் கேட்பார். அப்பொறுமைக்கு எவரும் பரிசளித்ததாகத் தெரியவில்லை.

1986 இல் உலக சுகாதார ஸ்தாபனம் புற்றுநோயாளரின் நோவு தணிக்க மூன்று படிகளை வகுத்தது. பின்னர் அவை பிற நோவுகளுக்கும் வழங்கலாயின. இடைத்தர நோவுக்குரியது நடுப்படி: பரசிற்றமோல் போன்றதொரு மருந்துடன் அபினி இனத்துக் கொடெயினைச் சேர்த்தல். இரண்டும் வெவ்வேறு வழியாற் செயற்படுவதால் ஒன்றையே மிகுதியாகக் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால், கொடெயினை மோபினாக மாற்றும் ஈரலின் ஆற்றல் ஆளுக்காள் வேறுபடும். ஒருவருக்குப் பயனற்றது இன்னொருவரின் மூச்சையே மந்தமாக்கக்கூடும்.

எனினும் அஞ்சத்தக்கது அபினி மட்டுமன்று. கூட்டுக் குளிசையினுள்ளே பரசிற்றமோலும் உண்டென அறியாதவர், நோவு அடங்கவில்லையென்று மேலும் இரண்டு பனடோலை விழுங்குவார். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்னும் எல்லை இவ்வாறே ஓசையின்றிக் கடக்கப்படுகிறது. ஈரலோ உடனே முறையிடுவதில்லை. மாற்று மருந்து உண்டு. அது விரைந்து கிடைத்தாலே நன்கு பயன்படும். அவரோ அவ்வேளை, நோவு குறைந்ததென்று உறங்கிக்கொண்டிருப்பார்.