புதுப்பேட்டையில் ஒரு ரம்ப வேட்டை

'ரம்பம்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம். ஒன்று மரத்தை அறுப்பது. இன்னொன்று ஆளை அறுப்பது. இரண்டாவது ரகம் எல்லா ஆபீஸிலும் பக்கத்து ஸீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். முதல் ரகத்தில், அதுவும் செகண்ட் ஹேண்டில், அடக்கமாக ஒரு டேபிள் ரம்பம் வேண்டும் என்று மூன்று பேர் ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டையில் போய் இறங்கினோம்.

வாங்கப் போவது நண்பன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு, கொளத்தூரில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஷெட் பிடித்திருக்கிறான். குழந்தைகளுக்குப் படிப்பு மேஜை செய்து விற்கப் போகிறானாம். பாக்கெட்டில் இருப்பது பி.எஃப். பணம். வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை! பி.காம். படித்த பாவத்துக்குப் பேரம் பேச நான். மெஷினைப் பார்க்க, அவனுக்குத் தொழில் சொல்லித் தரும் ஆசாரி ஐயா. அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுவிடும். காரணத்தை நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவே கிடக்கிற புதுப்பேட்டையைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு கடை முழுக்கக் கதவு. அடுத்த கடை முழுக்க ரேடியேட்டர். அதற்கடுத்து ஸைலன்ஸர்கள் குலை குலையாகத் தொங்கும். தரையெல்லாம் எண்ணெய். முழு வண்டி மட்டும் எங்கேயும் இருக்காது. போலீஸ் குவார்ட்டர்ஸும் ராஜரத்தினம் ஸ்டேடியமும் கூப்பிடு தூரத்தில் இருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

"மரம் அறுக்குற மிஷினா சார்? இங்க வந்தா மோட்டாரு ஒரு கடைக்குப் போயிடும், இரும்பு ஒரு கடைக்குப் போயிடும். முழுசா வேணும்னா அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போங்க" என்றார் கியர்பாக்ஸ்களின் நடுவே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். அதுதான் இந்த ஊரின் சட்டம். எடைக்குப் போனால் ஒரு விலை, உருப்படியாகப் போனால் ஒரு விலை.

சென்ட்ரலுக்கு வந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் மின்சார ரயில் ஏறினோம். அந்தப் பெயரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பெருமூச்சு வரும். பழைய புஸ்தகத்திலிருந்து பழைய கிராமபோன் வரை விற்ற மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோய், அந்த இடத்தில்தான் இந்த ஸ்டேஷன் நிற்கிறது. செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்கப் போகிறவன் கும்பிட்டுவிட்டு ஏறவேண்டிய இடம்.

பட்டரவாக்கத்தில் இறங்கி, முதலில் பார்த்தது பளபளவென்று ஒரு வெளிநாட்டுச் சரக்கு. நண்பனுக்கு வாயெல்லாம் பல். ஆசாரி ஐயா குனிந்து, மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான். தனி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் 1,800 வாட் இழுக்கும் மோட்டாருக்கான டிரான்ஸ்ஃபார்மர் சட்டைப் பையில் வைக்கிற சமாசாரம் இல்லை. விலையையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இன்டீரியர் கான்ட்ராக்ட் எடுத்து, பிறகு கடையைக் கட்டிவிட்ட ஒருவருடையது. ஐந்து வருஷம் முன்பு 40,000-க்கு வாங்கினாராம். இப்போது 22,000 சொன்னார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வருமான வரிச் சட்டப்படி மெஷினரிக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம். ஐந்து வருஷத்தில் நிற்பது 17,748. அதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

ஆசாரி ஐயா முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிளேடைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆடவில்லை, பேரிங் தப்பித்தது. கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். மரத்தை அணைத்துக்கொண்டு போகிற கைடுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியை முன்பல்லில் ஒரு தரம், பின்பல்லில் ஒரு தரம் அளந்தார். ஒரே அளவு. பிளக்கைப் போட்டு ஓட விட்டு, மோட்டாரின் காற்றுத் துளை வழியே கார்பன் பிரஷ்ஷைப் பார்த்தார். சின்னதாக நீலப் பொறி. "இது பரவால்ல. வட்டமா நெருப்பு சுத்துச்சுன்னாதான் தப்பு" என்றார்.

நண்பன் பணத்தை எடுத்தேவிட்டான். அப்போதுதான் அவர் கேட்டார்: "பின் தகடு எங்க?"

பிளேடுக்குப் பின்னால் பிறை மாதிரி நிற்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு. கேட்லாகில் 'ரைவிங் நைஃப்' என்று போட்டிருப்பான். அறுபட்ட மரம் சில சமயம் பிளேடைத் தாண்டியதும் வளைந்து மறுபடி ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் பின்பல்லைக் கவ்வும். பின்பல்லோ கீழிருந்து எழும்பி நம்மை நோக்கி வருவது. பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 215 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் கட்டை நம் வயிற்றுக்கு வரும். தள்ளிய கை பிளேடுக்குப் போகும். இந்தத் தகடு நடுவில் நின்று ஒட்டவிடாமல் தடுக்கிறது.

"அதை எல்லாரும் கழட்டி வெச்சுடுவாங்க சார். காடி எடுக்கறப்போ இடிக்கும். 15,000 குடுங்க, எடுத்துட்டுப் போங்க."

ஒரே நொடியில் ஏழாயிரம் இறங்கிவிட்டது! எனக்குள் இருந்த பி.காம். துள்ளியது. ஆசாரி ஐயா அசையவில்லை. "பத்துக்குக் குடுத்தாலும் வேணாம் தம்பி. வேற மிஷின் தகடு இதுக்குச் சேராது. பிளேடு உடம்பைவிடத் தடிமனாவும், பல்லு அறுக்கிற அகலத்தைவிட மெலிசாவும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதி விரலால் மேஜையைத் தட்டினார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். விரல் பட்டால் சில மில்லி செகண்டில் பிளேடு நின்றுவிடும். 2004 முதல் விற்பனைக்கும் வந்தது. அதைச் செய்து காட்ட, விரலுக்குப் பதிலாக ஸாஸேஜை நீட்டுவார்கள். பழைய மெஷின் வாங்குகிற நமக்கு அந்தத் தகடுதான் ஸ்டீவ் காஸ்.

விற்பவர் முணுமுணுத்துக்கொண்டே பரண் மேல் ஏறினார். அரை மணி நேரம் தூசி. கடைசியில் ஒரு பெயின்ட் டப்பாவில், ஆணிகளுக்கு அடியில், லேசாகத் துருப்பிடித்துக் கிடந்தது. ஆசாரி ஐயா உப்புத்தாளால் தேய்த்து, மாட்டி, பிளேடோடு நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தலையாட்டினார். 18,000-க்கு முடிந்தது. வருமான வரி இலாகாவைவிட 252 ரூபாய் ஜாஸ்தி.

மெஷினைக் குட்டியானையில் ஏற்றினோம். கொளத்தூருக்கு 800 ரூபாய் என்றார் டிரைவர். நண்பன் முன்னால் உட்கார்ந்து வீட்டுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால் மெஷினைப் பிடித்துக்கொண்டு நானும் ஆசாரி ஐயாவும். தகடைத் திரும்பக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "மிஷினிலேயே இருக்கட்டுமே ஐயா" என்றேன். "வழியில கழண்டு விழுந்தா?" என்றவர், கொளத்தூர் வரைக்கும் அதை என்னிடம்கூடக் கொடுக்கவில்லை.