குழாய் ரிப்பேரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

 

போன வாரம் எங்கள் வீட்டில் குழாய் வேலை நடந்தது. "இதையெல்லாமா டீச்சர் எழுதுவாங்க?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் பாத்திரத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 50 நிமிடத்தில் நிறைந்தது. கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 28 லிட்டருக்கு மேல். வருடத்துக்குப் பத்தாயிரம் லிட்டரைத் தாண்டும். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் பத்து தடவை நிறைகிற தண்ணீர்!

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ஏன் லேட்டு?" என்று கேட்டால், "தண்ணி பிடிக்கப் போனேன் டீச்சர்" என்று ஈரச் சட்டையோடு வாசலில் நின்றவர்கள்தானே நீங்கள்! அந்தப் பதிலுக்கு நான் ஒரு நாளும் யாரையும் வெளியே நிறுத்தியதில்லை.

முதலில் ஒருவர் வந்தார். குழாயைத் தொடவே இல்லை. வாசற்படியில் நின்றபடியே, "லைன் எல்லாம் பழசு. சுவரை உடைச்சு மொத்தமா மாத்தணும். 28,000 ஆகும். பத்தாயிரம் அட்வான்ஸ் குடுங்க" என்றார். பென்ஷன் வாங்குகிற வீட்டில் அது சின்னத் தொகையா? "யோசித்துச் சொல்கிறோம் தம்பி" என்று அனுப்பிவிட்டோம்.

பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் கொத்தனாரிடம் என் வீட்டுக்காரர் விசாரித்தார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பழைய டி.வி.எஸ். 50, தோளில் ஒரு கித்தான் பை. வந்ததும் அவர் செய்த முதல் வேலை கேள்வி கேட்டதுதான். "எப்ப இருந்து சொட்டுது? மோட்டார் போட்டா அதிகமாகுதா? போர் தண்ணியா, முனிசிபாலிட்டித் தண்ணியா?" நல்ல டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி இருந்தது.

பிறகு வால்வை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றிக் காட்டினார். முன்பெல்லாம் குழாய்க்குள் ரப்பர் வாசர் இருக்கும். சொட்டினால் இன்னும் இறுக்கித் திருகுவோம். அதில் வாசர் நசுங்கிச் சீக்கிரம் தேயுமே தவிர, சொட்டு நிற்காது. இப்போது வரும் கால் திருப்புக் குழாயில் இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு வட்டுகளுக்கு இடையில் படிந்து தேய்த்துவிட்டது. சுவருக்கும் பைப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்திருந்தன. அதைப் புதிதாக வாங்க வேண்டாம் என்றார். ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். குமிழ் விட்டு உப்பு கரைந்தது. முட்டை ஓட்டை வினிகரில் போட்டு வகுப்பில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அதே வேதியியல்தான்.

கழிவறை ப்ளஷ் டேங்கில் சந்தேகம் இருந்தது. சொட்டு நீலம் கேட்டார். டேங்க் தண்ணீரில் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ப்ளஷ் செய்யக் கூடாது என்றார். அதற்குள் கோப்பையில் நீலம் இறங்கியிருந்தது. ஒழுகுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உள்ளே இருந்த ரப்பர் மூடி மாற்றியதும் நின்றது. இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். காசு செலவில்லாத பரிசோதனை.

சாமான்களை அவர் வாங்கி வரவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "நீங்களே கடையில வாங்கிருங்க சார். பில் உங்க கையிலயே இருக்கட்டும்" என்றார். சாமான் 640 ரூபாய், கூலி 900. ஆக 1,540 ரூபாயில் முடிந்தது.

இதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், "ரெண்டு மணி நேர வேலைக்குத் தொள்ளாயிரமா?" என்றார். முப்பது வருடம் கற்றதால்தான் அவரால் இரண்டு மணி நேரத்தில் முடிக்க முடிந்தது. தெரியாதவர் கையில் கொடுத்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும், சுவரும் போயிருக்கும். எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள், "ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க இவ்வளவா?" என்று கேட்டதில்லை.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்கு நடுவே குடிக்கத் தண்ணீர் கேட்டார். சில்வர் டம்ளரில் கொண்டுபோனேன். அவர் பின்வாசலுக்கு இறங்கி, லேசாகக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினார். ஊற்றச் சொல்கிறார்! எனக்குச் சொரேர் என்றது. "என்ன அண்ணே இது, டம்ளரைப் பிடிங்க" என்றேன். வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாக, "சில வீட்டுல அப்படித்தான் டீச்சர். கழிவறை வேலை பார்த்த கைன்னு வேற சொல்லுவாங்க. நாமளா முந்திக்கிட்டா அவங்க சொல்ல வேண்டியதில்ல பாருங்க" என்றார்.

நம் வீட்டுக்குத் தண்ணீர் வர வழி செய்கிறவர், அந்தத் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பதா? நம் பள்ளியில் ஒரே பானை, ஒரே குவளை. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் வரிசையில் நின்று குடித்தீர்கள். அந்தக் குவளையை அன்றைக்குப் பிடித்த கைகள் இன்றைக்குச் சொந்த வீடு கட்டியிருக்கின்றன. அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

போனில் இதைச் சொன்னபோது உறவில் ஒருவர், "அந்த டம்ளரை என்ன செஞ்ச?" என்று கேட்டார். அவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கழுவிக் கவிழ்த்தேன். எல்லா டம்ளரையும் போலத்தான். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அதில்தான் காபி குடித்தார்.

என் மாணவர்களில் குழாய் வேலை, கரண்ட் வேலை, ஏ.சி. வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போது தலை நிமிர்ந்து படியுங்கள். பிள்ளைகள் கைத்தொழில் கற்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்புதான். கையில் தொழில் இருந்தால் யாரிடமும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு நான்கே வார்த்தை. தொட்டுப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழுதான பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள். வேலைக்கு வந்தவர் கேட்கும் முன்னால், டம்ளரில் தண்ணீர் கொடுங்கள்.

உங்கள் வீட்டு அனுபவங்களையும் கீழே எழுதுங்கள். ஒன்றுவிடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்