அட்டை இருக்கிறது என்று இருந்துவிட்டோம்





மத்ரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்தும்போது 'கரர்' என்ற சொல் வரும். முடிவு இன்னதென்று தெரியாத பேரம் என்று பிள்ளைகளுக்குப் பொருள் சொல்வோம். மணிமுத்தாற்றில் தண்ணீர் வரும் நாட்களில் நீந்தும் மீனைப் பிடிப்பதற்கு முன்பே விற்பதைப் போன்றது என்றால் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். அதே வரிசையில் வணிகக் காப்பீட்டையும் குறிப்பிட்டுவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது எமது பல்லாண்டு வழக்கம். 2024 ஜனவரியில், ரஜப் மாதத்தின் ஓர் இரவில், அந்தப் பாடம் எமது வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

எமது தந்தையார் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வூரின் பீங்கான் சூளைகளில் வேலை செய்யும் ஒரு தலைமுறையே அவரிடம் எழுத்துப் படித்தது. அப்போது அவருக்கு 71 வயது. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவரும் தாயாரும் சேர்ந்திருந்தனர். மாதந்தோறும் ஓய்வூதியத்தில் 497 ரூபாய் பிடித்தமாகும். அட்டையை அத்தா தமது குர்ஆன் பலகைக்கு அருகிலுள்ள அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். "அஞ்சு லட்சத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பாரம் இல்லை" என்பார். நாங்களும் அப்படியே நம்பினோம். அதில் எழுதியிருந்ததை ஒருவரும் ஒருமுறைகூட முழுமையாக வாசிக்கவில்லை.

அன்று இஷா தொழுகை முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். தம்பி வாகனம் பிடித்தான். உயிர் போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில், வழியில் முதலில் தென்பட்ட தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். காலையில் அட்டையை நீட்டியபோதுதான், அம்மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லை என்பது தெரிந்தது. இரண்டு நாள் அங்கே கழிந்தது. பின்னர் பட்டியலிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு மாற்றி, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குரிய தொகையைத் திட்டம் ஏற்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் முதல் மருத்துவமனைக்கு 62,000 ரூபாய், இரண்டாவதில் திட்டம் ஏற்காத செலவுகளுக்கு 48,000 ரூபாய் என 1,10,000 ரூபாயை நாங்கள் செலுத்த வேண்டியிருந்தது. வீடு திரும்பிய பிறகு மருந்துக்கு மட்டும் மாதம் 3,800 ரூபாய் ஆயிற்று. வெளிநோயாளிச் சிகிச்சை திட்டத்திற்குள் வராது.

பணத்தைத் தம்பி கொண்டுவந்தான். நண்பர்களிடம் கைமாற்று வாங்கியதாகச் சொன்னான். ரமளான் பிறந்தது. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் எம்மிடம் வந்து தயங்கி நின்றவன், "அண்ணே, அடகுல இருக்குற நகைக்கு ஸகாத் உண்டா?" என்று கேட்டான். கேள்வி மார்க்கச் சட்டம் பற்றியது. விடை சொல்ல வாய் திறந்த பிறகுதான் அது யாருடைய நகை என்பது எமக்கு உறைத்தது. அவன் மனைவியின் வளையல்கள் வட்டிக்கு அடகுக் கடையில் இருந்தன.

வட்டியின் நிழல் படிந்துவிடுமே என்று அஞ்சி, காப்பீடு பற்றிப் பேசவே மறுத்தவர்கள் நாம். அந்த அச்சம் தவறன்று. ஆனால் அதற்கு மாற்றாக எதையும் ஏற்பாடு செய்யாமல் இருந்தோமே, அது தவறு. மாற்று ஏற்பாடு இல்லாத அந்தப் பேணுதல்தான் எமது தம்பியை இரவோடு இரவாக வட்டிக் கடையின் படியேற வைத்தது.

செய்தி அத்தாவின் காதுக்கும் எட்டியது. அவர் கோபப்படவில்லை. ஜனாஸா கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், இரண்டு தீனார் கடனை அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்பே தொழ வைத்ததையும் நினைவுபடுத்தினார். பிறகு, "என் கடனை அடைச்சுட்டு என்னை அடக்குங்கப்பா" என்றார். நகையை மீட்க எங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதமும் அவர் நிம்மதியாக உறங்கியதாக எமக்குத் தோன்றவில்லை.

அட்டை எதை ஏற்கும், எதை ஏற்காது?

நகை மீண்ட பின், நாங்கள் நான்கு உடன்பிறப்புகளும் அமர்ந்து அந்த அட்டையின் விதிகளை முதன்முறையாக வாசித்தோம். நாங்கள் அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்வது கடமை என்று கருதுகிறோம்.

முதலாவது, 5 லட்சம் என்பது ஓராண்டுக்கு உரியதன்று. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையான நான்கு ஆண்டுத் தொகுப்பு முழுமைக்கும் உரியது. குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் அது 10 லட்சம் வரை உயரும். இரண்டாவது, திட்டம் ஓய்வூதியருக்கும் அவருடைய துணைக்கும் உரியது, பிள்ளைகளுக்கு இல்லை. மூன்றாவது, சில சிகிச்சைகளுக்குத் தனி வரம்பு உண்டு. கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய். அதற்கு மேல் விலையுள்ள லென்ஸை விரும்பினால் மிகுதி நம்முடையது. நான்காவது, கட்டணமில்லாச் சிகிச்சை பட்டியலிலுள்ள மருத்துவமனையில் மட்டுமே. பட்டியலும் விதிகளும் தொகுப்புதோறும் மாறும் என்பதால், நேர்காணலுக்குக் கருவூலம் செல்லும்போது அவற்றையும் கேட்டு வாங்கி வருவது நல்லது.

பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு அவசரத்தில் செல்ல நேர்ந்தாலும் மனம் தளர வேண்டாம். பில்களையும், அவசர நிலை என்பதற்கான மருத்துவர் சான்றையும் இணைத்துத் தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர் தொடுத்த சிவகாந்த் ஜா வழக்கில், பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்திற்காக மருத்துவச் செலவை மறுக்க முடியாது என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்களும் விண்ணப்பித்தோம். ஒரு பகுதி பின்னர் கிடைத்தது.

அத்தாவிடம் படித்த ஒரு பெரியவர் பல ஆண்டுகள் சூளையில் உழைத்தவர். ஃபஜ்ருத் தொழுகையின்போது அவர் இருமும் ஓசை கடைசி வரிசைவரை கேட்கும். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் வரை அதில் உண்டு. பதிவுபெற்ற ஆலையில் ஐந்தாண்டுகளேனும் இ.எஸ்.ஐ. செலுத்தி, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டி, தமக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். இதை அறியாத முதியவர்கள் நம் ஜமாஅத்தில் இருக்கக்கூடும். அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னால் அதுவும் ஸதகாவே.

உஸ்தாதின் முன் அமர்ந்தோம்

இடைவெளி புரிந்தது. அதை எதைக் கொண்டு நிரப்புவது? எமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதிடம் சென்றோம். அவர் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. உலமாக்களின் நிலைப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டைக் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் நன்கொடையாக உதவிக்கொள்ளும் கூட்டுறவுக் காப்பீட்டைக் கூடும் என்றும் முடிவு செய்தது. மலேசியா 1984இலேயே தக்காஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999 முதல் அமானா தக்காஃபுல் இயங்குகிறது. நம் நாட்டில் அத்தகைய உரிமம் பெற்ற தக்காஃபுல் நிறுவனம் இல்லை. இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2006இல் மருத்துவக் காப்பீட்டை ஆராய்ந்து, சாதாரண நிலையில் கூடாது, சட்டம் கட்டாயமாக்கினால் கூடும் என்றது. கடும் தேவையின் அடிப்படையில் இடமளிக்கும் ஆலிம்களும் இருக்கின்றனர்.

இவற்றைச் சொல்லிவிட்டு உஸ்தாத் கேட்டார்: "உங்கள் தந்தையின் பிடித்தம் அவர் விருப்பமா, அரசின் கட்டளையா?"

"கட்டளைதான் ஹஜ்ரத்."

"அப்படியானால் அதைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அடுத்தது, நீங்கள் நான்கு பேர் சம்பாதிக்கிறீர்கள். அஷ்அரீ கோத்திரத்தார் என்ன செய்தார்கள்?"

தலை தாழ்ந்தது. உணவு குறைந்துபோனால் தம்மிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அம்மக்களை நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள் என்று சொல்லிப் பாராட்டினார்கள். அந்த ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். எங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு துணியை விரிக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த மாதமே தொடங்கினோம். தலைக்கு 1,500 ரூபாய், மாதம் 6,000 ரூபாய். வட்டி சேராத நடப்புக் கணக்கு ஒன்றில் போடுகிறோம். கொடுத்தது நன்கொடை, திரும்பக் கேட்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அத்தா, அம்மாவின் மருந்துகளும், பரிசோதனைகளும், அட்டை ஏற்காத சிறு செலவுகளும் இதிலிருந்தே போகின்றன. வெளியூரில் இருக்கும் தங்கைதான் எல்லாரையும்விட முதலில் அனுப்புகிறாள்.

பெருஞ்செலவுக்கு என்ன வழி?

ஆயினும் பல லட்சம் தேவைப்படும் நோய் வந்தால் இந்தத் துணி போதாது. தாயாருக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. அவருக்காகக் கூடுதல் காப்பீடு ஒன்றைக் குறித்து உஸ்தாதிடம் மீண்டும் கேட்டோம். "வட்டிக் கடனில் விழுவீர்கள் என்ற அச்சம் உண்மையானதா என்று அல்லாஹ்வை முன்னிறுத்தி எடை போடுங்கள். உண்மையானால், தேவையின் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆசையின் அளவுக்கு வேண்டாம்" என்றார். எங்களுக்கு அந்த அச்சம் உண்மையாகவே இருந்தது. ஒருமுறை விழுந்தவர்கள் அல்லவா!

தேடியபோது அறிந்த சிலவற்றைச் சொல்கிறோம். 2024 ஏப்ரல் முதல் 65 வயதைக் கடந்தவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம்.

அரசு அட்டை உள்ளவர்கள் பெரும்பாலும் நாடுவது 'சூப்பர் டாப்-அப்'. 5 லட்சம் வரை நாம் பார்த்துக்கொண்டால், அதற்கு மேலுள்ளதை நிறுவனம் ஏற்கும். அதனால் தவணையும் குறைவு. 'டாப்-அப்' ஒவ்வொரு மருத்துவமனைச் சேர்க்கையையும் தனித்தனியாகக் கணக்கிடும். 'சூப்பர் டாப்-அப்' ஓராண்டின் செலவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும். அடிக்கடி சிகிச்சை பெறும் முதியவர்களுக்குப் பின்னதே பொருந்தும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அரசு அட்டையின் 5 லட்சம் நான்கு ஆண்டுகளுக்கு. சூப்பர் டாப்-அப் கேட்கும் முதல் 5 லட்சமோ ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். முதல் ஆண்டிலேயே அட்டையின் தொகை தீர்ந்துவிட்டால், எஞ்சிய மூன்று ஆண்டுகளில் வரும் நோய்க்கு அந்த முதல் 5 லட்சத்தை நம் கையிலிருந்துதான் போட வேண்டும். ஆகவே இந்தத் தொகை குறைவாக உள்ள, 2 அல்லது 3 லட்சத்தில் தொடங்கும் பாலிசியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அறை வாடகை வரம்பு, செலவில் நம் பங்காகக் கேட்கும் 'கோ-பே' விழுக்காடு ஆகிய இரண்டையும் கேட்காமல் கையொப்பமிடக் கூடாது.

நாங்கள் தாயாருக்கு 3 லட்சத்திலிருந்து தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தோம். படிவம் நிரப்ப வந்த முகவர் தணிந்த குரலில், "ஹஜ்ரத், சர்க்கரையை எழுத வேண்டாம். தவணை குறையும், சுலபமாக் கிடைக்கும்" என்றார். நாம் மறுமொழி சொல்லும் முன்பே, கட்டிலில் சாய்ந்திருந்த அத்தா எழுந்து அமர்ந்தார்.

"எழுதுப்பா. எத்தனை வருஷமா இருக்குன்னும் எழுது. பொய்யை வெச்சு வாங்குற மருந்து அவளுக்கு வேணாம்."

எழுதினோம். தவணை கூடியது. காத்திருப்புக் காலமும் போட்டார்கள். மறைத்திருந்தால், நோய் வந்த நாளில் கோரிக்கையை மறுப்பதற்கு அதுவே காரணமாகியிருக்கும். அதைவிடப் பெரிது, அமானிதம் கெட்டிருக்கும்.

அத்தாவுக்குப் புதிய பாலிசி எடுக்கவில்லை. நெஞ்சு நோய் வந்த பின் கேட்ட தவணை எங்கள் சக்திக்கு மீறியது. அவருக்கு அரசு அட்டையும், எங்கள் பொதுக் கணக்கும், அரசு மருத்துவமனையும், இவை அனைத்திற்கும் மேலாக அல்லாஹ்வின் கருணையும் இருக்கின்றன. பட்டியலிலுள்ள அருகிலுள்ள மருத்துவமனைகளின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். தம்பியின் பிள்ளைக்குக்கூட அது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

இது ஃபத்வா அன்று. ஒரு குடும்பம் அடிபட்டுக் கற்றது, அவ்வளவே. உங்கள் நிலையை நீங்கள் நம்பும் ஆலிமிடம் சொல்லி வழிகாட்டல் பெறுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கட்டாமலே விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

இப்போது கரர் பாடம் வரும்போது மீனைச் சொல்கிறோம், காப்பீட்டையும் சொல்கிறோம். அத்தோடு நிறுத்தாமல் அஷ்அரீகளின் துணியையும் சேர்த்தே சொல்கிறோம். சென்ற வாரம் ஒரு மாணவன், "ஹஜ்ரத், உங்க வீட்டுல துணி இருக்கா?" என்று கேட்டான். "இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற நம் பெற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீங்கிலிருந்தும் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.