முதல் டிராக்டர்: எத்தனை ஹெச்.பி.ன்னு கேக்கறதுக்கு முன்னாடி

நீளமான இழை. அஞ்சு ஏக்கருக்குள்ள நிலம் வெச்சுக்கிட்டு முதல் டிராக்டர் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதறேன். ஷேர் பண்றதா இருந்தா அப்பா, மாமா, சித்தப்பா எல்லாம் இருக்கிற குடும்ப குரூப்ல போடுங்க.

டாக்டருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். தருமபுரி மாவட்டத்துல ஒரு உழவு சீசன் முழுக்க எமர்ஜென்சி டியூட்டி பார்த்தவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க. அதோட போன வருஷம் இந்தக் கேள்வி எங்க வீட்டுக்குள்ளேயே வந்துருச்சு.

பென்னாகரம் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர். ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு. மீதி ரெண்டரை ஏக்கர் மேட்டுக் கொல்லை. ராகி, நிலக்கடலை, கிணத்துல தண்ணி நின்னா கொஞ்சம் தக்காளி. அப்பாவுக்கு 63 வயசு. "மாசச் சம்பளம் வாங்குற, ஒரு வண்டி எடுத்துக் குடுக்கக் கூடாதா கண்ணு"ன்னு ஆரம்பிச்சாரு.

முதல்ல பேப்பர்ல கணக்குப் போட்டேன். கொல்லைக்கு ஒரு பட்டத்துக்கு மூணு ஓட்டு கலப்பை, ஒரு ஓட்டு ரோட்டவேட்டர். ஏக்கருக்கு ஒரு ஓட்டு சுமாரா ஒரு மணி நேரம். வருஷத்துக்கு ரெண்டு பட்டம்னா 20 மணி நேரம். தோப்புல களை ஓட்ட வருஷத்துக்கு மூணு தடவை, அது ஒரு 8 மணி நேரம். எரு, காய், வைக்கோல் ஏத்தி இறக்க இன்னொரு 20. ஆக மொத்தம் 50 மணி நேரம் கூட வரல. எங்க ஊர் வாடகைக்கு 50-லருந்து 60 ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். அஞ்சு லட்சம் கடனை 10 சதவீத வட்டியில அஞ்சு வருஷத்துக்கு எடுத்தா, தவணை மட்டுமே வருஷத்துக்கு 1 லட்சத்து 27 ஆயிரம். டீசல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

அதனால உழவு மட்டும்தான் உங்க தேவைன்னா வாங்காதீங்க, இது என் அபிப்பிராயம். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு டிராக்டர் குடுக்குது. உழவன் செயலியிலேயே பதிவு பண்ணலாம், வெளி வாடகையை விட நல்லாவே குறைச்சல்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "மழை பெஞ்ச மூணாம் நாள் ஊர்ல அத்தனை பேருக்கும் அதே வண்டி வேணும். செம்மண்ணு ஈரம் எத்தனை நாள் நிக்கும்? நெஞ்சு வலின்னு வர்றவனை அடுத்த வாரம் வான்னு நீ அனுப்புவியா?"

என்கிட்ட பதில் இல்லை. ஆடிப்பட்டத்துல நாலு நாள் தள்ளிப் போனா விதைப்பே தள்ளிப் போகுது. அதுவும் போக, தோப்பு வேலைங்கறது ஒரு நாள்ல முடியற உழவு இல்லை. வருஷம் முழுக்க அரை மணி, ஒரு மணின்னு வந்துக்கிட்டே இருக்கும். அரை மணி நேரத்துக்கு எந்த வாடகை வண்டியும் வராது. தோப்பு வெச்சிருக்கிறவங்க சொந்த வண்டி கேக்கறதுல நியாயம் இருக்கு. 2025 செப்டம்பர் 22-லருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலருந்து 5-ஆ குறைஞ்சதும் அப்பா பக்கம் சேர்ந்துக்கிச்சு.

அடுத்து எது வாங்கறது. அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் 35 ஹெச்.பி. சொச்சம் பழைய வண்டி ஒண்ணு கை காட்டினாரு. விலை பாதிக்கும் கம்மி, ஊர் மெக்கானிக்கே கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிடுவாரு. நல்ல வாதம்தான். நான் போய்ப் பார்த்தப்ப இன்ஜின் சத்தம் எனக்குப் புரியல. ஆனா ரெண்டு பிரேக்கும் ஒரே அளவு பிடிக்கல. ஸ்டியரிங்ல ஒரு சாண் ஆட்டம். பின்னாடி பி.டி.ஓ. ஷாப்ட்டுக்கு மூடியே இல்லை. தலைக்கு மேல வெல்டிங் பட்டறையில அடிச்ச ஒரு தகர நிழற்கூரை.

இங்கதான் டாக்டரா கொஞ்சம் பேசணும்.

டிராக்டர் கவிழ்றது ரெண்டு மாதிரி. ஒண்ணு பக்கவாட்டுல, வரப்பு ஏறும்போதோ சரிவுல குறுக்கா ஓட்டும்போதோ. இன்னொண்ணு பின்பக்கமா. சேத்துல சிக்கின டிரெய்லரை வேகமா இழுக்கறாங்க, பின் சக்கரம் சுத்த மாட்டேங்குது, முன்பக்கம் தூக்கிக்கிட்டு வண்டி ஓட்டறவர் மேலயே மல்லாந்து விழுது. இதுக்கு ஒன்றரை நொடி கூட ஆகாது. குதிச்சுடலாம்னு நினைக்கிறவங்க, எங்ககிட்ட வர்ற எக்ஸ்ரேக்களைப் பார்க்கணும். சில பேருக்கு எலும்பு ஒண்ணும் உடைஞ்சிருக்காது. நெஞ்சு மேல ஒரு டன் எடை உக்காந்ததால மூச்சை உள்ள இழுக்க முடியாமலே போயிருக்கும்.

இதுக்குத் தடுப்பு இருக்கு. சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் எழும்பி மேல வளைஞ்சு சேர்ற தடிமனான இரும்புச் சட்டம், ரோல் பார்னு சொல்வாங்க. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டறவரைச் சுத்தி ஒரு இடைவெளி மிஞ்சும். ஸ்வீடன்ல 1959-லயே புது டிராக்டர் எல்லாத்துக்கும் இதைக் கட்டாயமாக்கினாங்க. 1957-ல அங்க லட்சம் டிராக்டருக்கு 17 பேர் கவிழ்ந்து செத்துக்கிட்டிருந்தாங்க. 1990-ல அது 0.3. நான் படிச்ச மருந்து எதுக்கும் இந்த அளவு பலன் கிடையாது.

நம்ம ஊர்ல இருக்கிற நிழற்கூரை வெயிலுக்குத்தான். கவிழ்ந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். ஷோரூம்ல "டாப்பு இருக்கு சார்"னு சொன்னா, ரோல் பாரா, கம்பெனியில பொருத்தி வருதா, சீட் பெல்ட் உண்டான்னு திருப்பிக் கேளுங்க. பெல்ட் விஷயத்துல ஒரு விதி. ரோல் பார் நிமிர்ந்து நிக்குதுன்னா பெல்ட் போடணும். ரோல் பார் இல்லாத வண்டியில போடக் கூடாது.

தோப்புக்காரங்களுக்கு ஒரு சிக்கல் வரும். மாங்கிளை தாழ்ந்து கிடக்கும், சட்டம் இடிக்கும். ரெண்டு நாள் பார்த்துட்டு ஸ்பேனரை எடுத்து மொத்தமா கழட்டி மாட்டுக்கொட்டகையில போட்டுடுவாங்க. அதனால மடக்கற மாதிரி ரோல் பார் இருக்கிற வண்டியா பாருங்க. மரத்தடியில மடக்கிக்கலாம் (அப்ப பெல்ட்டைக் கழட்டிடணும்), வெளியில வந்ததும் நிமித்திடலாம். சைலன்சரும் மேல நீட்டிக்கிட்டு இல்லாம தாழ்வா இருந்தா தோப்புக்கு வசதி.

ஹெச்.பி.க்கு வர்றேன். மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 மாதிரி 24 ஹெச்.பி. மினி வண்டிகள் நாலடி அகலத்துக்குள்ளதான் இருக்கும், மர வரிசைக்குள்ள சுலபமா திரும்பும். நாலு சக்கரமும் இழுக்கறதால மேட்டுல பிடிப்பு நல்லா இருக்கும். அஞ்சு கலப்பை, சின்ன ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பான் இதுக்கெல்லாம் போதும். ஆனா அகலம் கம்மின்னா சரிவுல சாயற அபாயம் கூடுதல். பின் சக்கரத்தை வெளிப்பக்கமா தள்ளி அகலமா மாட்ட முடியுமான்னு கேட்டுக்கோங்க. கோடை உழவுக்கு, கல்லும் கரடுமான செம்மண்ணைச் சட்டிக் கலப்பை போட்டுப் புரட்ட இந்த வண்டி திணறும். வருஷத்துல அந்த ஒரு நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. அந்த ஒரு நாளுக்காக 45 ஹெச்.பி. வாங்கி வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கிறவங்க எங்க ஊர்லயே நாலு பேரு இருக்காங்க.

அடுத்தது பி.டி.ஓ. ஷாப்ட். ரோட்டவேட்டருக்கு சுழற்சியைக் கொண்டு போற தண்டு. நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது நொடிக்கு 9. புடவை முந்தானையோ லுங்கி நுனியோ துண்டோ மாட்டினா, கையை இழுக்கணும்னு மூளைக்குத் தோணுறதுக்குள்ள பல சுத்து முடிஞ்சிருக்கும். தோலோட சேர்த்து உரிஞ்ச கைகளை நான் பார்த்திருக்கேன். அந்த பிளாஸ்டிக் மூடி கிரீஸ் அடிக்க இடைஞ்சலா இருக்குன்னுதான் கழட்டறாங்க. புது வண்டியோ பழைய வண்டியோ, மூடி இல்லாம எடுக்காதீங்க. உடைஞ்சா வாங்கி மாட்டுங்க.

கிணறு. இதை நம்ம மாவட்டத்துல எத்தனை தடவை சொன்னாலும் தகும். தடுப்புச் சுவரே இல்லாத அகலக் கிணறுகள், வாய் வரைக்கும் உழுத நிலம். 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவுல நாந்தேட் மாவட்டத்துல, வயல் வேலைக்குப் போன பெண்களோட ஒரு டிராக்டர் கிணத்துல விழுந்து 7 பேர் செத்துப் போனாங்க. அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எங்க கிணத்துக்கு வடக்குப் பக்கம் வரப்பு சரிஞ்சு கிடக்கிறது அவருக்கும் தெரியும். வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கிணத்தைச் சுத்தி இடுப்பு உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் வெச்சோம். அதுக்கு ஆன செலவை வண்டி விலையோட சேர்த்துத்தான் நான் எழுதி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படியே போடுங்க.

ஓட்டப் போறது யாருங்கறதும் முக்கியம். இதை எந்த ஷோரூம்லயும் கேக்க மாட்டாங்க. அப்பாவுக்குச் சுகர், கிளிமிபிரைட் மாத்திரை போடறாரு. நம்ம ஊர் ஆளுங்க காலையில மாத்திரையைப் போட்டுட்டு, வெயில் ஏறதுக்குள்ள ஓட்டிட்டு வந்து சாப்பிட்டுக்கலாம்னு வெறும் வயித்தோட கொல்லைக்குக் கிளம்பிடுவாங்க. எட்டு மணிக்குச் சுகர் இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும். அப்ப அவரு உக்காந்திருக்கிறது ஓடற டிராக்டர் மேல. சாப்பிட்டுட்டுத்தான் சாவியைத் தொடணும். வெல்லமோ சர்க்கரையோ ஒரு டப்பாவுல டூல் பாக்ஸ்ல இருக்கணும். மூட்டு வலி இருக்கிறவங்க கிளட்சை அம்பது தடவை மிதிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டு ஓட்டினா எதுவும் தெரியாது. டெமோவை உங்க நிலத்துக்கே கொண்டு வரச் சொல்லுங்க, பெரும்பாலும் வருவாங்க.

கடைசியில 24 ஹெச்.பி., நாலு சக்கர இழுவை, மடக்கற ரோல் பார் வண்டி எடுத்தோம். ஏழு மாசம் ஆச்சு, மீட்டர்ல 38 மணி நேரம். பணக் கணக்குல இன்னும் நஷ்டம்தான், அதை அப்பாவும் ஒத்துக்கிறாரு. ஆனா மழைக்கு அடுத்து ஈரத்தோட விதைச்சிட்டாரு. எங்களுக்கு வந்த ஒரே சண்டை மட்கார்டு பத்தி. பேரப் பசங்களை ஏத்திக்கிட்டு தோப்பைச் சுத்தணும்னு அவருக்கு ஆசை. டிராக்டர்ல சீட்டு ஒண்ணுதான், மட்கார்டுல உக்கார்றவருக்குப் பொதுவா இன்சூரன்ஸும் கிடைக்காது. பசங்க இப்ப வரப்புல நின்னு வேடிக்கை பார்க்கறாங்க, தாத்தா மேல கோபமும் இல்லை, என் மேலதான்.

ரோட்டுக்கு வரும்போது ரெண்டு பிரேக் பெடலையும் சேர்க்கிற கொக்கியை மாட்டுங்க. தனித்தனியா விட்டா ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சு வண்டி திரும்பிடும். லைசென்ஸ் உள்ளவங்க மட்டும் ஓட்டட்டும். பாலிசி எடுக்கும்போது ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கான்னு பாருங்க.

ஏதாவது ஆயிடுச்சுன்னா முதல்ல இன்ஜினை அணைங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. நெஞ்சு மேல எடை இருந்தா காத்திருக்க நேரம் இல்லை, ஜாக்கியும் கட்டையும் குடுத்து, மறுபடி இறங்காத மாதிரி தூக்கணும். கால் மட்டும் அடியில ரொம்ப நேரம் மாட்டியிருந்தா, எத்தனை மணிக்கு மாட்டினாருன்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட சொல்லுங்க. எடையை எடுத்த உடனே ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கலாம், அந்த நேரம் எங்களுக்குத் தேவை. ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. காப்பித்தூள், மஞ்சத்தூள், சாணி எதுவும் வேண்டாம். விரல் துண்டாயிருந்தா அதை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள்ள வைங்க. ஐஸ் நேரா விரல்ல படக் கூடாது. அந்தக் கவரையும் ஆம்புலன்ஸ்ல ஏத்தி விடுங்க.