பித்தளையின் பளபளப்பு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. மனிதர்க்கு அது பொருந்துமோ பொருந்தாதோ, பித்தளைக்குப் பொருந்தாது என்று துணிந்து கூறுவோம்.

அமெரிக்கா முதலிய நாடுகளில், குறி பார்த்துச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைத் தோட்டாக் கூடுகளை எறிந்துவிடுவதில்லை. அவற்றைத் துலக்கி, மருந்தும் குண்டும் புதிதாய் இட்டு மீண்டும் பயன்படுத்துகின்றனர். நம் மலேசியாவில், 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தலே குற்றம். ஆதலின் இத்தொழில் நமக்குரியதன்று. எனினும் ஆங்கில நூல்களில் அதன் முறையைப் படித்தபோது நம் வீட்டு அடுக்களையே கண்முன் நின்றது.

கூட்டின் பித்தளை, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. அதன் கறையைப் போக்க, எலுமிச்சையின் புளிப்புச் சத்தை வெந்நீரில் சிறிதளவு கலந்து ஊறவைப்பர். புளியிட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும்போது நம் வீட்டில் நடப்பதும் அதுவே. ஊறல் மிகுந்தால் துத்தநாகம் கரைந்து, செம்பின் நிறம் மேலே தோன்றும். புளியில் நெடுநேரம் கிடந்த விளக்குச் சிவப்பதை இல்லத்தார் அறிவர். வேறு சிலர், மக்காச்சோளச் சக்கைப் பொடியுடன் கூடுகளை ஓர் உருளையில் இட்டுச் சுழற்றுவர். அப்போது எழும் தூசியில் ஈயம் இருக்கும். குழந்தைகள் உலவும் இடத்தில் அது தகாது.

ஆயினும் துலக்குவது அழகுக்காக மட்டுமன்று, ஆராய்வதற்காகவே. அழுக்கு நீங்கிய பின்னரே வாய்ப்புறத்து விரிசலும், அடிப்புறத்தைச் சுற்றியோடும் மெல்லிய கோடும் கண்ணுக்குப் புலனாகும். அக்கோடு, உள்ளே தகடு மெலிந்ததற்கு அறிகுறியாகலாம். அத்தகைய கூட்டில் மீண்டும் மருந்திட்டால், சுடுங்கால் அது பிளந்து, சுடுபவன் முகத்திலேயே வெங்காற்றுப் பாயக்கூடும்.

இன்னும் ஒன்றுண்டு. ரப்பர்ப் பால் உறையாதிருக்க அம்மோனியா இடுவதைத் தோட்டத்தில் கண்டிருக்கிறோம். கடையில் விற்கும் மெருகு நீர் சிலவற்றிலும் அது உண்டு. கறையை அது விரைவில் நீக்கும். ஆனால் அழுத்தி இழுத்து உருவாக்கிய பித்தளையில் விரிசலை உண்டாக்கவும் வல்லது. ஆங்கிலேயர் ஆட்சியில், இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் வைத்த தோட்டாக்கள் சுடப்படாமலே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், பித்தளையில் முன்பே தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த கேடு அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்போர் விளக்கினர். துலக்கும் பொருளே உடைக்கும் பொருளாதல் காண்க!

நாம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. முத்துப்போன்ற எழுத்தில் நகலெடுத்த பேரேட்டிலும் கூட்டற்பிழை ஒளிந்திருக்கக் கண்டதுண்டு. அப்பிழையால் குறைவது ஒரு தொழிலாளியின் கூலி. ஏடு அழகாயிருக்கிறது என்று மேலதிகாரி கையொப்பமிட்டால், அவன் யாரிடம் போய் முறையிடுவான்? மெருகைக் கண்டு மயங்குவோர் பித்தளையிலும் ஏமாறுவர், பேரேட்டிலும் ஏமாறுவர்.

ஆகவே, துலக்குவோம், துலக்கியதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். விரிசல் கண்டால், எத்துணை மின்னினும் ஒதுக்கிவிடுவோம்.